எல்லாத்துக்கும் ஓகே

"இன்னிக்கு நம்ம கடையில பென்குயின் முட்டை போடப் போவுது, பாருங்க சீனு!"

மணிமாறன் செல்போனில் போட்ட கூச்சலில், எதிர் டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

திண்டிவனத்தில் தன் டி.டி.பி. சென்டருக்குத்தான் முதலில், விண்டோஸுக்கு மாற்றான, பென்குயினைச் சின்னமாகக் கொண்ட லினக்ஸ் வரப்போகிறது என்று ஒரு வாரமாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் அப்படியே இருக்கும். நேற்று சாயங்காலம் மாட்டிய புது டிஸ்க்கில் லினக்ஸ். கம்ப்யூட்டரைப் போட்டால் எது வேண்டும் என்று அதுவே கேட்குமாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

போனின் மறுமுனையில் விழுப்புரம் சர்வீஸ் இன்ஜினியர் சீனுவாசன். அவர் சொல்லச் சொல்ல மணிமாறன் சி.டி.யை உள்ளே தள்ளினார்.

"சார், இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள் டைப்பிஸ்ட் அம்பிகா. காலையில் கடையைத் திறப்பது அவள்தான்.

"மறுபடியும் லீவு லெட்டரா? அதெல்லாம் கெடையாது. கல்யாணப் பத்திரிகை புரூஃபை எடுத்துக்கினு ஜல்தியா விழுப்புரம் பக்கம் காணை ஊருக்குக் கிளம்பு."

தாளை மேஜையில் போட்டு, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

"லீவு இல்ல சார், வந்து..."

"போன்ல பேசிக்கினு இருக்கேன் இல்ல?"

வெளியே விழுப்புரம் பஸ் ஹாரன் அடித்தது. அம்பிகா ஓடினாள்.

திரையில் கேள்வி மேல் கேள்வியாக வந்தது. மணிமாறன் எதையும் படிக்கிற ஆளில்லை. ஓகே. ஓகே. 'டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா?' என்று ஒன்று கேட்டது. அதற்கும் ஓகே.

பன்னிரண்டு மணிக்குப் பென்குயின் வந்துவிட்டது. மணிமாறன் டீக்கடை முழுக்க வடை வாங்கிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்துச் செந்தாமரை வந்தாள். மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி இரண்டு வருஷம் வெயிலில் அலைந்து எழுதிய ஆய்வேட்டை இங்கேதான் டைப் செய்யக் கொடுத்திருந்தாள்.

"அண்ணா, பிரிண்ட் எடுத்துடலாமா? நாளைக்குக் கடைசி நாளு."

"இதோ, விண்டோஸுக்குப் போனா முடிஞ்சிது!"

ஆஃப் செய்து போட்டார். பென்குயின். மறுபடியும் போட்டார். மறுபடியும் பென்குயின். விண்டோஸ் என்ற பேச்சையே காணோம்.

செந்தாமரையின் முகம் வெளுத்தது. "பென்டிரைவுல இருந்தத வைரஸ் தின்னுட்டுதுண்ணா. இங்க இருக்குற ஒண்ணுதான் பாக்கி!"

மணிமாறன் மறுபடியும் சீனுவாசனைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சீனு, பழைய டிஸ்க்கையே காட்டலீங்க! பேஜாராப் போச்சி!"

"பதறாதீங்க. ஆஃப் பண்ணிட்டுப் பொட்டியத் தொறங்க."

திறந்தார். பழைய டிஸ்க்கின் ஒயர் இரண்டும் கழற்றி, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டிருந்தன.

"இது தானா கழண்டதில்ல. யாரோ வேணும்னே புடுங்கி வச்சிருக்காங்க!"

"கடை சாவி யாராண்ட இருக்குது?" என்றார் சீனுவாசன்.

மணிமாறன் பல்லைக் கடித்தார். "அம்பிகாகிட்ட. போன வாரம் லீவு கேட்டா, குடுக்கல. அந்தக் கடுப்பு!"

"அதுக்கு என் வயித்துல அடிக்கணுமா? நான் இன்னாண்ணா பண்ணேன் அவளுக்கு?" செந்தாமரைக்கு அழுகை வந்துவிட்டது.

ஒயரை மாட்டிப் போட்டார்கள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், ஒருவர் போனில்.

விண்டோஸ் வந்தது! ஆய்வேடு நூற்று நாற்பத்திரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. செந்தாமரை அழுகையும் சிரிப்புமாக மானிட்டரையே கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் எந்தப் பட்டனை அழுத்தினால் எந்த டிஸ்க்குக்குப் போகலாம் என்று சீனுவாசன் சொல்ல, பென்குயினும் வந்தது.

"ரெண்டும் வருது! ரெண்டும் வருது!" மணிமாறன் குதித்த குதியில் ஸ்டூல் சாய்ந்தது.

பிரிண்டர் கடைசிப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அம்பிகா உள்ளே வந்தாள்.

"லினக்ஸ் ஏறிடுச்சா சார்?" ஆசையாகக் கேட்டாள்.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம். ஒயரைப் புடுங்கிட்டு ஒண்ணுந் தெரியாதவ மாதிரி நிக்கிறியே!"

செந்தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்பிகா விழித்தாள். "எழுதிக் குடுத்துட்டுத்தானே சார் போனேன்?"

அவள் கை காட்டிய இடத்தில் டீ கிளாஸ் இருந்தது. மணிமாறன் அதைத் தூக்கினார். வட்டமாகக் கறை படிந்திருந்த தாளை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முழுசாகப் படித்தார்.

'சார், ரெண்டு டிஸ்க்கும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ். அவசரத்துல எதுக்காவது ஓகே குடுத்து பழசு அழிஞ்சிட்டா, செந்தாமரை அக்காவோட ரெண்டு வருஷம் போயிடும். அதனால பழசோட ஒயரைக் கழட்டி பத்திரமா வச்சிருக்கேன். லினக்ஸ் ஏறினதும் மாட்டிக்குங்க. - அம்பிகா.'