பேர் கேட்டு வந்தவர்

களத்தில் காயும் மிளகாயைப் பார்த்துக்கொண்டே கணினி முன் உட்கார்ந்திருந்த கலைச்செல்விக்குக் கண்ணைச் சொருகியது.

பக்கத்துத் தொட்டிலில் பிள்ளை தூங்கியது. இன்னும் பேர் வைக்காத பிள்ளை.

முதல் இரண்டுக்கும் தேடித் தேடி அழகான பேர் வைத்தார்கள். பேர் வைத்த மாதம் தாண்டவில்லை, இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் ஏதேதோ காரணம் சொன்னார்கள். அவளுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

காலையில் கமுதிக்கு மிளகாய் மூட்டை ஏற்றிக் கிளம்பிய கணவன் முத்துகிருஷ்ணன், வாசலில் நின்று பழைய பாட்டையே பாடினான்.

"குப்பைன்னு வச்சிருவம் கலை. புள்ளை தங்காத வீட்டுல நம்ம பக்கம் அப்படித்தான வைக்கிறாக. தேடி வாரவன், குப்பைதானேன்னு விட்டுட்டுப் போயிருவான்."

"எம் புள்ளைக்கு அந்தப் பேரா? போங்க அங்கிட்டு."

மிளகாய் நெடியில் அவன் தும்மினான். அவ்வளவு கோபத்திலும் "நூறு" என்றாள். யார் தும்மினாலும் ஆயுசு நூறு என்று வாழ்த்திவிடும் வாய் அது. பழகிய வாய், ஆளைப் பார்த்தா சொல்கிறது?

அவள் மனசுக்குள் ஒரு பேர் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

சிக்கல் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் கம்பெனிக்கு அவள் பார்க்கிற வேலையும் விசித்திரமானதுதான். செல்போன்களுக்குப் பொய் முகவரி உண்டாக்கும் நிரலைச் சோதிப்பது. ஒவ்வொரு போனுக்கும் பிறக்கும்போதே பதித்த முகவரி ஒன்று உண்டு. போகிற இடமெல்லாம் அதையே சொன்னால், பின்தொடர்கிறவன் லேசாகக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் இடத்துக்கு ஒன்றாகப் போன் புளுகும். எழுத்தும் எண்ணும் கலந்து பன்னிரண்டு. அர்த்தம் ஒன்றும் கிடையாது.

தட்டினாள். ஒன்று வந்தது. மறுபடி தட்டினாள். வேறொன்று வந்தது.

புருஷன் சொன்னதும் இதைத்தானே என்று அரைத்தூக்கத்தில் சிரிப்பு வந்தது.

களத்துச் சிவப்பு மெல்ல எழும்பி வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது. வாலிநோக்கம் கடல் பக்கமிருந்து வந்த உப்புக்காற்றில் தொட்டில் தானாக ஆடியது.

வாசலில் ஒருவர் நின்றார். கையில் போன். வண்டிச் சத்தம் கேட்கவில்லை. கூரியர்காரராக இருக்கும். அளவு சரியில்லாத பிள்ளைச் சட்டையைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லியிருந்தாள்.

"எடுத்துட்டுப் போக வந்தேம்மா. புள்ளைக்கு என்ன பேரு?"

சட்டைக்கு எதற்குப் பிள்ளை பேர் என்று கேட்கத் தோன்றவில்லை. மனசில் இருந்த பேர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண் திரையில் விழுந்தது.

"சி ரெண்டு, ஒம்பது எஃப்பு, நாப்பது, ஒண்ணு ஈ..." என்று கடைசிவரை வாசித்தாள்.

அவர் பொறுமையாகப் போனில் தட்டினார். "அப்படி யாரும் இல்லைங்குதே. இன்னொருக்காச் சொல்லுங்க."

தட்டினாள். புதிதாக வந்ததை வாசித்தாள். அதுவும் இல்லை. அடுத்ததும் இல்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அலைந்து அலுத்த முகம். பார்க்கப் பாவமாக இருந்தது.

"சரிம்மா, கொஞ்சம் மோரு இருந்தாக் குடுங்க. போன ரெண்டு தடவை வந்தப்பவும் நீங்கதான் குடுத்தீங்க."

கலைச்செல்விக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. இரண்டு பேர்சூட்டு விழாவிலும் பந்தலோரம் நின்று பேர் கேட்ட முகம். உறவுக்காரர் யாரோ என்று நினைத்து, வாய் நிறையச் சொல்லியிருந்தாள்.

மோர்ச் சொம்பை எடுத்துவந்து நீட்டினாள். அவர் அண்ணாந்து குடித்தார்.

களத்திலிருந்து காற்று திரும்பியது. பிள்ளை தும்மியது.

பயத்தில் அவளுக்குக் குரல் வரவில்லை.

"நூறு" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தொட்டிலையே பார்த்தார். பிறகு போனில் எதையோ தட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சொம்பைப் படியில் வைத்துவிட்டு நடந்தார்.

கலைச்செல்வி தொட்டிலுக்குள் குனிந்தாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஆதிரை."