இருபது வருஷத்துச் சண்டை

பேச்சு நின்றுபோய்த் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்த பிரகாசம் வாத்தியாரைப் பார்க்க, நகரியிலிருந்து தணிகாசலம் வந்தார். இருபது வருஷமாக அரசியல் பேசிச் சண்டை போட்ட சிநேகிதர்கள்.

"ரோசம் வந்தாவது வாயைத் திறக்கறாரா பாப்போம்ண்ணா," என்றாள் வாத்தியாரின் மனைவி தபீதாள். "உங்க சுதந்திரா கட்சி ஜமீன்தாருங்க கட்சின்னு சொல்வாரே!"

தணிகாசலம் கட்டிலருகே குனிந்தார். "மூணு ஏக்கர்ல வேர்க்கடலை போட்டுக்கினு இருக்கறவன்யா நான். என் நிலத்துல சர்க்கார் கைவெக்காம இருந்தா போதும்னு சொல்றேன், அவ்வளவுதான்."

பிரகாசம் மெல்லத் தலையாட்டினார்.

"ஏழைங்க மேல அக்கறையில்லாதவங்கன்னு சொல்வாரு," என்று எடுத்துக்கொடுத்தாள் தபீதாள்.

"தறிக்காரன் நூல் வாங்கக்கூட பர்மிட்டுக்கு அலையறான். அந்த பர்மிட்டே வேணாங்கறது ஏழைக்காகத்தான்யா."

மறுபடியும் தலையாட்டினார்.

"பழசைக் கட்டிக்கினு அழறவங்கன்னு..."

"புது வீடு எழும்பறதுக்கு முன்னால, இருக்கற வீட்டை இடிக்காதேங்கறேன்."

அதற்கும் தலையாட்டல்தான். தபீதாளுக்கு ஒரே பூரிப்பு. "எல்லாத்தையும் ஒத்துக்கறாருண்ணா!"

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஒத்துக்கொள்ளாத மனிதர். தணிகாசலம் அவர் கண்களை உற்றுப் பார்த்தார். அவள் வெந்நீர் பிடிக்க வெளியே போனதும், சிநேகிதரின் காதருகே சொன்னார்: "நான் சொன்னதெல்லாம் தப்புய்யா. உன் கட்சிதான் சரி."

பிரகாசம் அதே மாதிரி தலையாட்டினார்.

வெந்நீரோடு வந்த தபீதாள் ஆசையாகக் கேட்டாள், "அவருக்கு எல்லாம் புரியுது, இல்லண்ணா?"

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புரியுதும்மா," என்றார்.