கேட்டில் எரிந்த சிவப்பு

கோகிலவாணி வேலை பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில், வருபவர் மேல் துளி சாய ரசாயனம் ஒட்டியிருந்தாலும் கேட்டில் சிவப்பு விளக்கு எரியும்; உள்ளே விடமாட்டார்கள். எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. வெளிநாட்டு முதலாளிகள் தாங்களாகவே ஏற்றுக்கொண்ட பசுமை விதி அது.

அவள் கணவன் மயில்சாமிக்குச் சாயப்பட்டறையில் வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கை நீலம் போகாது. குழந்தையோ பகல் முழுக்கக் கம்பெனிக் காப்பகத்தில். அதனால் பெற்ற மகளை அவன் தூக்கியதே இல்லை.

முதல் பிறந்தநாளுக்குக் கம்பெனி கொடுத்த நீலச் சட்டையை மகளுக்குப் போட்டு, கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சிவப்பு எரிந்தது.

"வீட்டுக்காரரு தூக்கினாருங்களா?" என்றார் வாட்ச்மேன்.

"அவரு கிட்டயே வரலீங்க."

சட்டையைக் கழற்றியதும் விளக்கு பச்சைக்கு மாறியது. வாட்ச்மேன் சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனியின் பச்சை இலை முத்திரை இருந்தது. மடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் மயில்சாமி அதை விரித்துப் பார்த்தான். "இது எங்க பட்டறையில போட்ட சாயமாச்சே!"

கோகிலவாணி குழந்தையை அவனிடம் நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நாளைக்குக் கேட்டுல சிவப்பு எரியுமே?"

"எரியட்டுங்க. நீங்க தூக்குங்க."