எரிபொருளோடு போனவர்

அணுமின் நிலையத்தைக் கட்டிக்கொடுத்த நாடு, எரிந்து முடிந்த எரிபொருளைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்டிருந்தது. எரிபொருள் மட்டுமல்ல, கதிர்வீச்சு ஏறிய குழாய், கையுறை, செருப்பு எல்லாமே அவர்களுடையது. நம் மண்ணில் குப்பை தங்காது என்று கடற்கரை ஊர்கள் அன்று கைதட்டி வரவேற்றன.

தை மாதம் உலைக்கூடத்தில் குழாய் வெடித்து, அங்கே வேலை பார்த்த ததேயு இறந்தபோதுதான், அவர் உடம்பும் அந்தப் பட்டியலில் சேரும் என்பது மனைவி அமலோற்பவத்துக்குத் தெரிந்தது. ஈயப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றிவிட்டார்கள். அவளை ஒரு பிடி மண் போடக்கூட விடவில்லை. அவர் கழுத்தில் கிடந்த செபமாலையும் கூடவே போயிற்று.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஒரு கல்லறை இல்லை. கழிவு ஏற்றக் கப்பல் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு கட்டு மெழுகுவத்தியோடு அணுமின் நிலையத்துத் துறைமுகத்துக்குப் போனாள். வாசலில் அதிகாரி செல்வின் மறித்தார்.

"சார், இதக் கப்பல்காரங்ககிட்ட குடுத்துருங்க. அங்க அவரு பக்கத்துல ஏத்தி வைக்கச் சொல்லுங்க."

"முடியாதும்மா. கதிர்வீச்சு ஏறுனதுதான் இந்தக் கப்பல்ல போகும். சுத்தமா இருக்கற எதையும் ஏத்த மாட்டாங்க."

"மெழுகுவத்தியக்கூடவா?"

"எதையுமே ஏத்த மாட்டாங்கம்மா."

அமலோற்பவம் மெழுகுவத்திகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். செல்வினுக்குப் பின்னால் தெரிந்த உலைக்கூடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ அது எம்மேலயும் ஏறணும்னா," என்று கேட்டாள், "நான் எங்க போயி நிக்கணும் சார்?"