கீப்பரைத் தாண்டிய பந்து

பந்து மறுபடியும் சின்னராசாவைத் தாண்டித் தேயிலைக்குள் போய் விழுந்தது.

குந்திய இடத்திலிருந்து எழாமலே அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"எங்கடா போடுற? நான் இங்க குந்தியிருக்கேன், நீ மலைக்குப் போடுற."

"சரிங்க மச்சான்" என்றான் எதிரே நின்ற கஜேந்திரன்.

இந்த 'சரிங்க மச்சான்'தான் சின்னராசாவுக்கு எரிச்சலைக் கிளப்பியது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலாவது நாலு திட்டுத் திட்டி ஆத்திரத்தை இறக்கி வைக்கலாம். பெண்டாட்டியின் தம்பி வேறு. கை நீட்டவும் முடியாது.

கஜேந்திரனுக்குப் பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவள் அந்தப் பெண்டாட்டி, நிலக்ஷி.

"அழி அத" என்றான் அவளிடம். கோணலாகப் போன பந்தைத் திரும்பப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அவளும் வழக்கம்போல விரலால் எதையோ தொட்டாள்.

ஜப்பானில் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடும் ஒரு குழுவுக்குக் கொழும்பில் ஆள் தெரிவு செய்கிறார்கள். தெரிவை நடத்தும் கோச் காலையில்தான் குரல் செய்தி அனுப்பியிருந்தார். இதுவரை வந்த வீடியோக்களில் பந்து நேராகத்தான் வருகிறது, ஆனால் வேகம் போதாது. இன்று இருட்டுவதற்குள் வேகமான பந்து ஒன்றைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு.

மெதுவாகப் போட்டால் பந்து சமர்த்தாக வந்து சின்னராசாவின் கிளவுஸில் உட்காரும். வேகமாகப் போட்டால் எங்கேயோ ஓடிவிடும். மாதக்கணக்காக இதே கூத்து.

தப்பு பந்தில்தான் என்பதில் சின்னராசாவுக்குச் சந்தேகமே கிடையாது. தோட்டத்து கிரிக்கெட் டீமின் கீப்பர் அவன். பொகவந்தலாவைப் பக்கம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், சின்னராசாவின் கையைத் தாண்டிப் பந்து போகாது என்று. போகிறது என்றால் போட்டவன் ஒழுங்காகப் போடவில்லை.

அதே டீமிலிருந்து, கையை நீட்டிப் பந்தை வீசாமல் மடக்கி எறிகிறான் என்று துரத்தப்பட்டவன் கஜேந்திரன். பள்ளிக்கூடத்தில் பேஸ்போல் பழக்கும் சேர்தான், எறி, இங்கே அதுதான் ஆட்டம் என்று சேர்த்துக்கொண்டார். அன்று எறியத் தொடங்கியவன் பள்ளியை முடித்தும் நிறுத்தவில்லை. அட்டனில் கடை வேலை முடிந்து வந்து எறிகிறான். மழையில் எறிகிறான். தோளில் தைலத்தைத் தடவிக்கொண்டு எறிகிறான்.

இவன் ஜப்பானுக்குப் போவான் என்று தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தது சின்னராசாதான். அதனால்தான் இத்தனை எரிச்சல்.

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இப்போது இவர்கள் மூன்று பேர்தான். மேலேயிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு பந்துக்குத்தான் வெளிச்சம்.

கஜேந்திரன் காலைத் தூக்கினான், உடம்பை முறுக்கினான், எறிந்தான்.

பின்னால் தேயிலைக்குள் சலசலவென்று சத்தம் கேட்டது.

சின்னராசா எழுந்து களத்தைத் தாண்டி நேராக நிலக்ஷியிடம் வந்தான்.

"அழிக்காத. குடு இங்க. இவன் லட்சணத்த இவனே பாக்கட்டும்."

"வேணாங்க" என்று அவள் போனைப் பின்னால் மறைத்தாள். அவன் பிடுங்கிக்கொண்டான்.

கஜேந்திரனின் மூக்குக்கு நேரே போனைப் பிடித்து ஓடவிட்டான். எந்த இடத்தில் கோணுகிறது என்று காட்ட விரலையும் தயாராக வைத்திருந்தான்.

போனுக்குள் கஜேந்திரன் எறிந்தான். பந்து நூல் பிடித்ததுபோலப் போனது. பந்து கடக்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாகத் தரையில் அடித்து வைத்திருந்த தகரத்துக்கு நேர் மேலே, குந்தியிருந்தவனின் நெஞ்சு உயரத்தில் கடந்து, அவன் தோளை உரசாத குறையாக மறைந்தது.

கீப்பரின் கிளவுஸ் அப்போதும் முழங்கால் மேல் இருந்தது. பந்து தேயிலைக்குள் விழுந்த பிறகு, போன பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவன் மாதிரி அது மேலே எழும்பியது.

சின்னராசா விரலால் தள்ளினான். அதற்கு முந்திய வீடியோ வந்தது. அதிலும் அப்படித்தான். அதற்கும் முந்தியதில் அவன் பின்பக்கம் விழுந்து கிடந்தான். பந்து அங்கேயும் நேராகத்தான் போயிருந்தது.

ஒன்றைக்கூட அவள் அழித்திருக்கவில்லை.

கஜேந்திரன் தன் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டி அனுப்பல?"

"இத எல்லாம் அனுப்புனா ஒங்களப் பாத்துச் சிரிப்பாங்கன்னு தம்பிதான் வேணாம்னான்."

சின்னராசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜப்பானை விட்டுவிட்டு என் மானத்தைக் காப்பாற்ற இவன் யார்? எத்தனை 'சரிங்க மச்சான்'. ஒவ்வொன்றாக இப்போது காதில் விழுந்தன. வெட்கத்தில் முகம் காந்தியது.

"மச்சான், மெதுவா ஒண்ணு போட்டு…" என்று கஜேந்திரன் ஆரம்பித்தான்.

"பேசாம இரு."

இருப்பதிலேயே வேகமான பந்து எது என்று பார்த்தான். தான் விழுந்து கிடந்ததுதான். அதையே கோச்சுக்கு அனுப்பினான்.

அது போய்ச் சேர்ந்ததும் குரல் செய்திக்கு அழுத்தி, போனை வாயருகே கொண்டுபோய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். பந்து சரிதான் சேர், பிடிக்கிற ஆள்தான் சரியில்லை.

கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் அழுத்தினான்.

அந்த ஆள் நான்தான் சேர்.