ஐந்தாம் பக்கம்

காலையில் வரும் செய்தித்தாளில் வெளித்தாளைச் சபேசன் பால்கனிக்கு எடுத்துப்போவார். உள்தாள் அடுக்களையில் அவர் மனைவி விமலாவுக்கு. மத்தியானம் இரண்டையும் அவள் ஒன்றாக மடித்து வைப்பாள். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சண்டை வந்ததிலிருந்து மூன்று நாளாக அவர்களுக்குள் பேச்சில்லை.

"நேற்றைய தாள்கள் இன்னும் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன, அக்கா. நமக்கும் அதே கதிதானா?" என்று வாசலில் உள்தாள் கேட்டது.

"என்னிடம் ஒரு செய்தி பாதியில் நிற்கிறது. மீதி உன் ஐந்தாம் பக்கத்தில்" என்றது வெளித்தாள்.

"நாலே வரிதான். அதுவும் அவர் தலைப்போடு நிறுத்துகிற மனுஷர்."

பத்து மணிக்குச் சபேசன் வெளித்தாளோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"கத்தரிக்காய் விலைச் செய்தி. மீதி ஐந்தாம் பக்கமாம்."

உள்தாளின்மேல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த விமலா நிமிரவில்லை. "உங்களுக்குத்தான் கத்தரிக்காயே ஆகாதே."

"விலை தெரிஞ்சிக்கலாமில்லையா?"

அவள் பீன்ஸை ஒதுக்கினாள். "கண்ணாடி எங்கே?"

"பால்கனியில."

"சரி, உட்காருங்க. நானே படிக்கிறேன்."

வெளித்தாளை அவர் உள்தாளின் பக்கத்தில் வைத்தார். நாலு வரியை இத்தனை மெதுவாக யாரும் படித்து அவை இரண்டும் கேட்டதில்லை.