சின்னப் பெட்டிக்கு வந்த கோபம்

ஒரு மருத்துவமனையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கணினி இருந்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதை அதுதான் நினைவில் வைத்திருந்தது. ஒருநாள் அந்த நினைவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பழுதாகிவிட்டது. மேலாளர் ஜெபமணி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புதிது. இன்னொன்று, வரவேற்பறையிலிருந்த பெரிய கணினியில் ஐந்து வருடம் உழைத்தபின் கழற்றியது.

“இத்தனூண்டு பெட்டிக்குப் பழசே போதும்” என்று அதை மாட்டினார்.

“நான் போட்டுக் கழிச்சதுதான். சந்தோஷமா வச்சுக்கோ” என்றது பெரிய கணினி.

குட்டிக் கணினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உடம்பு சின்னதுன்னா வேலையும் சின்னதா? ஒரு மருந்து மாறினா என்ன ஆகும் தெரியுமா?” என்று கத்தியது. உள்ளே வந்த பழசின்மேலும் பாய்ந்தது. “உனக்காவது வெட்கம் வேண்டாமா?”

“என் ஆயுசு முடியப்போகுதுன்னு எனக்கே தெரியும். என்னை யாரு கேட்டாங்க?” என்று பழசும் சீறியது.

குட்டிக் கணினி பழசின்மேல் பாய்வதை விட்டது. பிறகு, “அப்போ ரெண்டு பேருமா சேர்ந்து சொல்லுவோம்” என்றது.

இந்த எஸ்எஸ்டி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. ஜெபமணி ஒரு பொத்தானை அழுத்தி அதை மறைத்தார். மறுபடியும் வந்தது. ஐந்தாவது தடவை செவிலியர் அங்கயற்கண்ணி அதைப் படித்துவிட்டாள்.

“இதை நம்பியா சார் நான் ஊசி போடணும்?” என்று அவள் போட்ட சத்தத்தில் புதியது உள்ளே போனது. பழசு மேசைமேல் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

“இந்தச் சின்னதுகளுக்கு எதைக் கொடுத்தாலும் நன்றியே கிடையாது” என்று பெரிய கணினி மட்டும் விசிறி சுழலச் சுழல முனகிக்கொண்டே இருந்தது.